பாதி இழுத்த சீட் பெல்ட்

"நீ அன்னிக்கு வந்து என் காதுல ஊதாம இருந்திருந்தா இதை நான் முழுசா இழுத்திருப்பேன்! முழுசா!" என்று நஞ்சுண்டசாமி காரின் சீட் பெல்ட்டைப் பிடித்து ஆட்டினார்.

"இழுக்க வேண்டாம்னு நானுங்களா கையைப் புடிச்சேன்? காரைப் பாக்கப் போனது நீங்க. பையனைப் பத்தி விசாரிக்கப் போனது நானு. என்ற வேலையை நான் ஒழுங்காப் பாத்தேன். உங்க வேலையை நீங்க பாக்கலீன்னா அதுக்கும் நாந்தானுங்களா?" கேட்டைப் பிடித்துக்கொண்டு அவருடைய தங்கை பூவாத்தாள் கத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க, தெருவே பாக்குது," என்றாள் நஞ்சுண்டசாமியின் மனைவி நிர்மலா, அவர்கள் இருவரையும் விடச் சத்தமாக.

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மைசூர் விஜயநகர் மூன்றாம் ஸ்டேஜில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேறு என்ன வேலை? எதிர்வீட்டு ரிட்டையர்டு லெக்சரர் ஒரே குரோட்டன்ஸ் தொட்டிக்குக் கால் மணி நேரமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாடி வீட்டு அம்மாள் காய்ந்த துணியையே எடுத்து உதறி மறுபடி காயப்போட்டாள்.

சண்டைக்குக் காரணமான வெள்ளைக் கார், சின்னது, நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளின் பை மட்டும் கொள்ளும், கதவுகளையும் டிக்கியையும் திறந்து போட்டபடி நின்றது. வாங்கி இரண்டு மாதம். முதலில் மழை நாளில் மட்டும் உள்ளே வாடை அடித்தது. அப்புறம் இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. போன வியாழக்கிழமை ரிங் ரோட்டில் ஒரு சவ ஊர்வலத்துக்குப் பின்னால் போகும்போது ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்து, நிற்கவே இல்லை. அன்று நஞ்சுண்டசாமி முன்பின் தெரியாத பதினைந்து பேரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதனால்தான் மெக்கானிக் தொட்டையனைக் கூப்பிட்டது. தொட்டையன் எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தான். இழுத்தான், இன்னும் இழுத்தான். அந்த வீட்டில் யாருக்கும் அவ்வளவு பெரிய வயிறு கிடையாது என்பதால் இரண்டு மாதத்தில் வெளியே வராத கடைசி ஒரு முழம் வெளியே வந்தது. அதன் மேல் பழுப்பாக ஒரு கோடு. விரலால் தேய்த்தால் மாவு போல உதிரும் ஆற்று வண்டல்.

"நீரொளகே இத்து, ஸார்," என்றான் தொட்டையன். தண்ணீருக்குள் இருந்த வண்டி. அங்கே பிடித்ததுதான் அண்ணன் தங்கை சண்டை.

இப்போது தொட்டையன் கையைத் துடைத்துக்கொண்டு, சமாதானம் செய்யும் எண்ணத்தில், தனக்குத் தெரிந்த தமிழில் பூவாத்தாளிடம் சொன்னான். "விடுங்கம்மா. அண்ணா மேலே தப்பில்லே. எங்க தொழில்லே இதுக்குப் பேரே தண்ணி வண்டி. நல்லாத் தொடைச்சு நிறுத்திட்டா யாருக்குத் தெரியும்?"

அடுத்த பதிலுக்கு வாயைத் திறந்த பூவாத்தாள் அப்படியே நின்றாள். எதிர்வீட்டுக்காரர் குழாயை மூடினார். பூவாத்தாள் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தி அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

"இதுக்கு என்ன பேருன்னு சொன்னீங்க?"

"தண்ணி வண்டி."

பூவாத்தாள் கேட்டை விட்டாள். உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணி வண்டி என்றால் அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சாயங்காலமானால் தள்ளாடிக்கொண்டு வீடு வருகிற ஆண்பிள்ளை. அந்த அர்த்தத்தை வைத்துத்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணன் மகள் மோகனப்ரியாவுக்கு வந்த நல்ல வரனை அவள் தட்டிக் கழித்திருந்தாள்.

பூவாத்தாள் ஹனூர்க்காரி. வீட்டுக்காரர் அங்கே மஞ்சளும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டு, மனைவி மைசூருக்குப் போன நிம்மதியில் இருந்தார். "பிரியாவுக்கு ஒரு எடம் அமையட்டும், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள், சித்திரையில் வந்து ஆவணியாகியும் போகவில்லை. கல்யாணத்துக்கு விசாரிப்பதில் அவளுக்கு ஹனூர் முதல் கொள்ளேகால் வரை பெயர் உண்டு. பதினோரு கல்யாணம் அவள் விசாரித்து நடந்தவை, ஏழு அவள் விசாரித்து நின்றவை. அவள் பெருமையாகச் சொல்வது அந்த ஏழைத்தான்.

விசாரிப்பதற்கு அவளிடம் சட்டம் இருந்தது. எதற்கு வந்தோம் என்று வாய் திறக்கக் கூடாது. ஆளின் பெயரைச் சொல்லவே கூடாது; சொன்னால் கேட்பவர் உஷாராகிவிடுவார். எதிரே ஒரு கடையில் நின்று, ஏதாவது வாங்கி, மோவாயால் அந்தப் பக்கம் காட்டி, "அது எப்புடிங்க?" என்று பொதுவாகக் கேட்க வேண்டும். மீதியை ஜனங்கள் தாமாகச் சொல்வார்கள்.

வரனின் பெயர் சந்தோஷ்குமார். பெற்றவர்கள் ஹனூருக்கு அந்தப் பக்கம். பையன் நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில், எட்டு மாதமாக மாடிப் போர்ஷன் ஒன்றில் தனியாகக் குடியிருந்தான். பெண் பார்க்க வந்த அன்று கேசரிபாத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே சிங்க்கில் கொண்டுபோய் வைத்தான். மோகனப்ரியா அதைக் கவனித்தாள் என்பதைப் பூவாத்தாள் கவனித்தாள். அவனிடம் மோகனப்ரியா பேசியது கொஞ்சம்தான். ஒரு லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. ரிப்போர்ட் வருகிற வரை எதற்கும் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள். ஆனால் அவர்கள் புறப்படும்போது கேட் வரை போனாள். அதற்கு முன் வந்த நான்கு வரன்களுக்கு அவள் சோபாவை விட்டு எழுந்ததில்லை.

அன்று நஞ்சுண்டசாமிதான் சும்மா இருக்காமல், தான் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போவதாகப் பீற்றிக்கொண்டார். ஒரு ஃபாக்டரியின் டைம் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் யார் எத்தனை நிமிஷம் லேட் என்று பார்த்தவர் அவர். தன் கண்ணில் எதுவும் தப்பாது என்பது அவருடைய நம்பிக்கை.

அதுவரை பேசாமல் இருந்த சந்தோஷ்குமார் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"காலைல போங்க, மாமா. எஞ்சின் சில்லுனு இருக்கணும். போனதும் பானெட் மேல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ரெடி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்."

"ம்ம்."

"கதவு இடுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் அகலமா இருந்தா எங்கயோ இடிச்சு எடுத்திருக்காங்க. ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அடியில கையை விட்டுத் துழாவுங்க, துரு இருந்தாத் தெரிஞ்சுடும். உள்ள ரொம்ப வாசனையா இருந்தா வேண்டாம், மாமா. வாசனை எதையோ மறைக்கத்தான்."

"அது எனக்குத் தெரியாதா, தம்பி?"

"முக்கியமா சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சீட் கவர் மாத்துவாங்க, மேட் மாத்துவாங்க. பெல்ட்டை யாரும் மாத்த மாட்டாங்க. தண்ணிக்குள்ள முழுகின வண்டின்னா அங்க சேறு இருக்கும்."

"சரி சரி," என்றார் நஞ்சுண்டசாமி. அவர்கள் போனதும் நிர்மலாவிடம், "பையன் பொண்ணைப் பாக்க வந்தானா, எனக்குப் பாடம் நடத்த வந்தானா?" என்றார். இருந்தாலும் அவன் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டால் நாளைக்குக் கேட்பானே.

அடுத்த வாரம் போனில் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் கார் கண்ணில் பட்டது. நஞ்சன்கூடு. விலாசம் பார்த்தால் சந்தோஷ்குமார் குடியிருக்கும் அதே ஆற்றங்கரைத் தெரு. ஒரே பஸ்ஸில் இரண்டு வேலையும் முடியும் என்று அண்ணனும் தங்கையும் கிளம்பினார்கள்.

கார் நின்றது சந்தோஷ்குமார் குடியிருந்த வீட்டுக்கே முன்னால். அங்கேதான் மரநிழல் என்று கார் புரோக்கர் நிறுத்தியிருந்தான். நஞ்சுண்டசாமி பானெட் மேல் கை வைத்தார். சூடு. "நல்லா ஹீட் புடிக்கிற எஞ்சின்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதவைத் திறந்தால் கோயிலுக்குள் நுழைந்தது போலச் சந்தன ஊதுவத்தி மணம். "பக்தியுள்ள ஓனர்," என்றார். புரோக்கர் உடனே, "ஆமா ஸார், தினம் பூஜை," என்றான்.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து சந்தோஷ்குமார் இறங்கி வந்தான். செகண்ட் ஷிஃப்ட். விசாரிக்கப் போன இடத்தில் மாப்பிள்ளைப் பையன் கண்ணில் படுவதைப் போல அவமானம் வேறில்லை. நஞ்சுண்டசாமி சட்டென்று காருக்குள் நுழைந்து, பிரேக்கைச் சோதிப்பவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். பையன் காருக்குப் பக்கத்தில் நின்று, யாரிடமோ போனில் பேசியபடி ஹெல்மெட்டை மாட்டினான்.

பூவாத்தாள் எதிர்ப்பக்கம் லிங்கம்மாவின் தேங்காய்க் கடையில் நின்றாள். லிங்கம்மா கன்னடக்காரி, கோயிலுக்கு வரும் தமிழ்க்காரர்களிடம் வியாபாரம் பண்ணிப் பண்ணிச் சேர்ந்த தமிழ் அவளுடையது. பூவாத்தாள் இரண்டு தேங்காயை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். சட்டப்படி மோவாயைத் தூக்கினாள்.

"அக்கட்டால நிக்குதே, அது எப்புடிங்க? நம்பலாமுங்களா?"

அவள் ஊரில் பையன் என்றால் 'அது வந்துச்சு, அது போச்சு'தான். கல்யாணமாகி மீசை நரைக்கும் வரை யாரையும் 'வந்தார்' என்பதில்லை. லிங்கம்மா எட்டிப் பார்த்தாள். அந்தத் திசையில் காரும் நின்றது, பையனும் நின்றான்.

"அதா? பேடா அக்கா, பேடா. வேண்டாம். அது தண்ணி வண்டி."

பூவாத்தாளுக்கு அதிர்ச்சி. கூடவே கொஞ்சம் சந்தோஷமும், அவள் விசாரித்து நிற்பதில் இது எட்டாவது. "மெய்யாலுமுங்களா?"

"தெருவுக்கே தெரியும். ரெண்டு நாள் முழுக்கத் தண்ணியிலேயே கெடந்தது. நாலு பேர் சேர்ந்துதான் தூக்கிட்டு வந்தாங்க."

"பாத்தா அப்புடித் தெரியலீங்களே. லட்சணமாத்தான இருக்குது?"

"வெளியே என்னா லட்சணம்? கழுவி, தொடைச்சு, வாசனை போட்டு நிறுத்தியிருக்காங்க. கிட்டே போய் மோந்து பாருங்க, தெரியும். காலையிலே நாலு பேர் தள்ளினாத்தான் அசையும்."

"அப்பறம் தெனம் வேலைக்கு எப்புடிங்க போகுது?"

"நாலு நாள் போகும். அஞ்சாவது நாள் நடு ரோட்டிலே நின்னுடும். இதுக்கு முன்னாடி மூணு பேர் கையிலே இருந்தது அக்கா. யாரும் ஆறு மாசம் சேர்ந்தாப்லே வெச்சுக்கலே."

"மூணு பேரா!"

"மூணு. அதிலே ஒருத்தி டீச்சரம்மா. அழுதுட்டே விட்டுட்டுப் போனா."

பூவாத்தாள் தேங்காயை வைத்துவிட்டாள். டீச்சரம்மா என்று தொழிலோடு சொல்லும்போது அதற்கு மேல் சாட்சி எதற்கு? பையன் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான். அவன் நேராகத்தான் போனான் என்றாலும் திருப்பத்தில் கொஞ்சம் ஆடியது போல அவளுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு எதுக்கு அக்கா அது? இந்தத் துட்டுக்கு நல்லதே கெடைக்கும்," என்று லிங்கம்மா பின்னாலிருந்து சொன்னாள். நகை போடப் போவதைக்கூட இவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று பூவாத்தாள் வியந்துகொண்டே ரோட்டைக் கடந்தாள்.

காருக்குள் நஞ்சுண்டசாமி தலையை நிமிர்த்தி, சட்டைப்பைக் காகிதத்தைப் பார்த்து, சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பாதி வந்திருந்தது. பூவாத்தாள் ஜன்னலுக்குள் தலையை விட்டு அவர் காதில் சொன்னாள். "அண்ணா, பையன் தண்ணி வண்டியாமா. ரெண்டு நாள் நெனப்பில்லாமக் கெடந்து தூக்கிட்டு வந்தாங்களாமா. பொம்பளைங்க வேற மூணு பேராமா."

நஞ்சுண்டசாமி பெல்ட்டை விட்டார். அது சர்ரென்று உள்ளே போய் ஒளிந்துகொண்டது. காகிதத்தை நான்காகக் கிழித்தார். "குடிகாரன் சொல்லி நான் கார் பாக்கணுமா?" என்றார். டைம் ஆபீஸ் கோபம். ஒன்றையும் மேற்கொண்டு பார்க்காமல் அங்கேயே வண்டியைப் பேசி முடித்தார்.

இப்படியாக நனைந்த காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டு, நனையாத பையனுக்கு 'ஜாதகம் ஒத்துவரவில்லை' என்று சொல்லி அனுப்பினார்கள். மோகனப்ரியாவிடமும் ஜாதகம் என்றுதான் சொன்னார்கள். அவள், "அப்ப எதுக்குப் பொண்ணு பாக்கற வரைக்கும் வந்தாங்க? முன்னாடியே பாக்கலையா?" என்று ஒரு முறை கேட்டாள். நிர்மலா அடுப்பைப் பார்க்கப் போனாள். மகளும் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு வரனையும் போட்டோ பார்க்காமலே வேண்டாம் என்றாள்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த பூவாத்தாளுக்கு இதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. தள்ளினால்தான் அசையும். நடு ரோட்டில் நின்றுவிடும். மூன்று கை மாறியது. மறுநாள் காலை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நஞ்சன்கூடு பஸ் ஏறினாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறி, பெயரைச் சொல்லிக் கேட்டாள். "அந்த மாடி வீட்டுச் சந்தோஷ்குமாருங்க. பையன். ஆளு. அது குடிக்குமுங்களா?"

லிங்கம்மா சிரித்தாள். "அந்தப் பையனா? காபியே குடிக்காது. தினம் காலையிலே என் கடையிலே எளநீ ஒண்ணு. அதுதான் அதுக்குத் தண்ணி."

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்கு நான் பையனைப் பத்தியா சொன்னேன்? உங்க அண்ணா காரைச் சுத்திச் சுத்தி வந்தாரு. நீங்க கேட்டீங்க. போன வருஷம் ஆடியிலே கபிலா ஆறு பொங்கித் தெருவுக்குள்ளே வந்தப்போ ரெண்டு நாள் முழுகிக் கெடந்த வண்டி அது. நான் பேடா பேடான்னு சொல்லியும் வாங்கிட்டுப் போயிட்டீங்களேன்னு எவ்ளோ வருத்தப்பட்டேன் தெரியுமா?"

பூவாத்தாள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பாவம் அந்தப் பையன்," என்று லிங்கம்மா தொடர்ந்தாள். "நாலு எடத்திலே பொண்ணு இல்லேன்னுட்டாங்களாம். காரணம் யாரும் சொல்றதில்லையாம். எல்லாரும் ஜாதகம்னே சொல்றாங்களாம். அவங்க அம்மா வந்திருந்தப்போ இங்கே நின்னு கண்ணைத் தொடைச்சாங்க."

முதல் இடம் தன் அண்ணன் வீடு. மற்ற மூன்றுக்கும் காரணமான ஒரே ஆள் பூவாத்தாள்தான். அந்த மூன்று வீட்டுக்கும் அவளேதான் போன் செய்து, "நம்மாளுங்க ஏமாறக் கூடாதுன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் டீ நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். நஞ்சுண்டசாமி கோபப்பட வாயெடுத்தார். பெல்ட்டைப் பாதியில் விட்டது யார் கை என்று ஞாபகம் வந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். நிர்மலா, "அன்னிக்கே நெனச்சேன்," என்றாள். எதை என்று சொல்லவில்லை.

மோகனப்ரியா டம்ளரைக் கீழே வைத்தாள். "பேரைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே அத்தை?"

"பேரைச் சொல்லிக் கேட்டா அதுக்குப் பேரு விசாரணையா, கண்ணு?"

"எங்கிட்ட ஜாதகம்னு சொன்னீங்க."

பூவாத்தாள் காலி டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள்.

"யார் யாருக்குச் சொன்னீங்களோ, அவங்க வீட்டுக்கெல்லாம் நேர்ல போய்த் தப்புன்னு சொல்லிட்டு வாங்க. போன்ல வேண்டாம். அவருக்கு அந்தப் பேரு இருக்கக் கூடாது." குரலை உயர்த்தவில்லை, யாருக்கோ சர்க்கரை அளவு கூடியிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

பூவாத்தாள் கிளம்பினாள். அவளும் அந்தப் பேரைத் துடைக்கத்தான் நினைத்தாள், பாவம். கொள்ளேகாலில் முதல் வீட்டில், "பையன் குடிக்கறதில்லீங்க, நானு தப்பாச் சொல்லிப்போட்டேன்," என்றாள். "அப்புடீங்களா? நிறுத்திப்போட்டானாட்ட இருக்குது. எத்தனை நாளைக்கோ," என்றார்கள். ஹனூரில், "பையன் இல்லீங்க, தண்ணில கெடந்தது காருங்க," என்று விளக்கினாள். "அட கருமமே, காரையும் தண்ணிக்குள்ள உட்டுட்டானா!" என்றார்கள். அவள் எவ்வளவுக்கு விவரமாகச் சொன்னாளோ அவ்வளவுக்குக் கதை நன்றாக வந்தது.

கடைசி வீட்டுக்காரர்கள் மாதேஸ்வரன் மலையில் கடை வைத்திருந்தார்கள். அங்கேயும் போய்ச் சொல்லிவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, கொள்ளேகால் பஸ்ஸில் திரும்பினாள். பக்கத்து சீட்டில் லட்டுப் பையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

"இந்தக் காலத்துப் பசங்களை நம்பறாப்புல இல்லீங்க. நஞ்சன்கூட்டுல ஒருத்தன் குடிச்சுப்போட்டுக் காரோட கபிலா ஆத்துக்குள்ளயே எறங்கிட்டானாமா. ரெண்டு நாள் கழிச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்களாமா."

"யாருங்க சொன்னது?" என்றாள் பூவாத்தாள் ஈனக் குரலில்.

"ஹனூர்ல பூவாத்தான்னு ஒரு அம்மாங்க. கேள்விப்பட்டுச் சொன்னது இல்லீங்க, நேர்லயே போய் விசாரிச்சுப்போட்டு வந்தவங்களாமா."

பூவாத்தாள் கொள்ளேகால் வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

நான்கு நாள் கழித்து விஜயநகர் வீட்டின் கேட்டை ஒரு பெண் படீரென்று தள்ளித் திறந்தாள். சந்தோஷ்குமாரின் அம்மா சொர்ணலதா. எதிர்வீட்டுக் குரோட்டன்ஸுக்கு மறுபடி தாகமெடுத்தது.

"இந்த வீட்டுல பூவாத்தாங்கறது யாருங்க? என்ற மவன் குடிச்சுப்போட்டுக் காரை ஆத்துல உட்டான்னு நாடு பூராச் சொல்லிட்டுத் திரியறது யாருங்க?"

"உள்ள வாங்க, உள்ள வாங்க," என்றாள் நிர்மலா.

"இங்கயே சொல்லுங்க! அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாதுங்க! பைக்குலயே நாப்பதைத் தாண்ட மாட்டான். இனி எவனுங்க பொண்ணு குடுப்பான் என்ற மவனுக்கு?"

நஞ்சுண்டசாமி நிமிர்ந்தார். "கார் ஓட்டவே தெரியாதா? எனக்கு அன்னிக்கு அவ்வளவு சொன்னானே!"

"சரியா இருக்கான்னு பாக்கத்தானுங்க அவனுக்குத் தெரியும். பாக்கறது அவன் வேலை. ஓட்டறதுக்கு வேற ஆளு."

இத்தனை நாளில் முதல் தடவையாக மோகனப்ரியா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். பூவாத்தாள் அதற்குள் சொர்ணலதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தேங்காய்க் கடை முதல் பஸ் வரை, தன் பங்கில் ஒன்றையும் குறைக்காமல் ஒப்பித்திருந்தாள். அவள் ஒரு கதையை ஒன்றும் கூட்டாமல் சொன்னது அது ஒன்றுதான். சொர்ணலதா கேட்டுவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"தண்ணி குடிங்க, அத்தை," என்றாள் மோகனப்ரியா. "அவருக்கு இன்னும் எங்கயும் முடிவாகலதானே?"

பெண் பார்க்க வந்த அன்று அவள் சொர்ணலதாவைக் கூப்பிட்டது 'ஆன்ட்டி' என்று. இன்று 'அத்தை'. நிர்மலா அதைக் கேட்டாள், பூவாத்தாள் கேட்டாள், தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோன சொர்ணலதாவும் கேட்டுவிட்டு அப்படியே நிறுத்தினாள். நஞ்சுண்டசாமி மட்டும் கேட்கவில்லை. "ஓட்டவே தெரியாதவன்," என்று இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"முடிவாகல, கண்ணு," என்றாள் சொர்ணலதா. "உங்க அத்தை இருக்கற வரைக்கும் எங்கயும் ஆகாது."

சொன்னபடியேதான் நடந்தது. அவன் குடிப்பதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பெண் வீடு அந்த ஜில்லாவிலேயே ஒன்றுதான் இருந்தது. ஜாதகம் மறுபடி எடுக்கப்பட்டது. போன தடவை ஒத்துவராதது இந்தத் தடவை பத்துக்கு எட்டுப் பொருத்தம் ஒத்துவந்தது; யாரும் ஆச்சரியப்படவில்லை.

தை மாதம் மாதேஸ்வரன் மலையில் கல்யாணம். பந்தியில் ஹனூர்க்காரர்கள் மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். இரண்டு நாள் ஆற்றுக்குள் கிடந்தவனுக்கு உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

காரை விற்க நஞ்சுண்டசாமி விளம்பரம் போட்டார். மாப்பிள்ளை பிடிவாதமாக 'இரண்டு நாள் நீரில் மூழ்கியது' என்ற வரியைச் சேர்த்தான். எவரும் வரவில்லை. கடைசியில் தொட்டையன் கழற்றி விற்க எடுத்துக்கொண்டான். புரோக்கர் நஞ்சன்கூட்டை விட்டுக் குடும்பத்தோடு ஹாசன் பக்கம் போய்விட்டான். சந்தோஷ்குமாருக்கு ஓசூருக்கு மாற்றலாகி, மோகனப்ரியாவும் அங்கேயே ஒரு லேபில் சேர்ந்தாள். வேறொரு சின்னக் கார் வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்போது பார்த்தது அவன், ஓட்டுவது அவள். பூவாத்தாள் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே ஹனூருக்குப் பஸ் ஏறினாள். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டு, "இனி எங்கயும் போறதில்லயே?" என்று கேட்டார். அவர் எதிர்பார்த்த பதில் எது என்று யாருக்கும் தெரியாது.